ரீமேப் செய்தால் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எத்தனை நாள் தாங்கும்?

நீங்கள் எழுதியதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். தேவகோட்டையில் இருக்கிறீர்கள். 2020 மாடல் பிஎம்டபிள்யூ இசட்4 எம்40ஐ ஒன்றைச் செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறீர்கள். 46,000 கிலோமீட்டர் ஓடிய வண்டி. என்ஜினில் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றாமல், மென்பொருளை மட்டும் மாற்றி (இதைத்தான் ரீமேப் என்கிறோம்) 340 குதிரைசக்தியை 420 ஆக்கலாம், 500 நியூட்டன் மீட்டர் டார்க்கை, அதாவது சுழற்றும் விசையை, 600 ஆக்கலாம் என்று சென்னையில் ஒரு ட்யூனர் சொல்லியிருக்கிறார். என்ஜின் தாங்கும் என்பதில் உங்களுக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எத்தனை கிலோமீட்டர் தாங்கும் என்று ஒரு எண் கேட்கிறீர்கள்.

அந்த எண்ணை நேர்மையாக யாராலும் தர முடியாது. தருகிறவர் விற்கிறார் அல்லது பயமுறுத்துகிறார். உங்கள் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது, அதற்குப் பதில் உண்டு. ட்யூன் செய்த வண்டியில் கியர்பாக்ஸைக் கெடுப்பது எது, அதில் எது உங்கள் கையில் இருக்கிறது? அதைத்தான் விரிவாகச் சொல்லப்போகிறேன்.

அதற்கு முன் நான் எங்கிருந்து பேசுகிறேன் என்று தெரிந்துகொள்ளுங்கள். காரைக்குடியில் ஆட்டோமேட்டிக் பெட்டிகளைப் பிரித்துச் சரிசெய்வது பல வருடமாக என் தொழில். என்ஜினுக்கு மேப், அதாவது அதை ஓட்டுகிற மென்பொருள் கணக்கு, எழுதுபவன் இல்லை. என் மேசைக்கு வருவதெல்லாம் கெட்டுப்போன பெட்டிகள்தான். ட்யூன் செய்தும் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற வண்டிகள் என்னிடம் வர வேண்டிய அவசியமே இல்லை. அதனால் என்னைப் போன்ற மெக்கானிக் எவனும் ஆபத்தைக் கொஞ்சம் பெரிதாகவே பார்ப்பான். ட்யூனர் பார்ப்பதோ மேப் போட்டு முதல் வாரம் சந்தோஷமாக ஓட்டுகிற முகங்களை. இரண்டு பேர் சொல்வதையும் கொஞ்சம் கழித்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வண்டியில் இருப்பது ஜெர்மனியின் இசட்எஃப் நிறுவனத்தின் எட்டு கியர் பெட்டி. 8எச்பி என்பது அந்த வரிசையின் பெயர். 2009-இல் பிஎம்டபிள்யூ 760எல்ஐ காரில் முதலில் வந்தது. நாலு பிளானட்டரி கியர் செட் (நடுப் பல்சக்கரத்தைச் சுற்றிச் சின்னச் சக்கரங்கள் சுழலும் அமைப்பு), அவற்றைப் பிடிக்கவும் விடவும் ஐந்து உறுப்புகள். அதில் இரண்டு பிரேக், மூன்று கிளட்ச். எந்த கியரில் இருந்தாலும் மூன்று பிடித்திருக்கும், இரண்டு மட்டும் விட்டிருக்கும். இப்படி இருப்பதால் எண்ணெய்க்குள் வீணாக உரசும் பிளேட்டுகள் குறைவு, சூடும் குறைவு. நான் பிரித்துப் பார்த்த பெட்டிகளில் மனசார மதிக்கிற டிசைன் இது.

இந்த வரிசையில் ஒவ்வொரு வகையின் பெயரிலும் ஒரு எண் இருக்கும். 8எச்பி45, 8எச்பி70, 8எச்பி90 என்று. அந்த எண்ணைப் பத்தால் பெருக்கினால், எத்தனை நியூட்டன் மீட்டர் டார்க்குக்காக அந்தப் பெட்டி செய்யப்பட்டது என்பது தோராயமாகக் கிடைக்கும். உங்களுடையது 50-ஐ ஒட்டிய வகை. சேசிஸ் எண்ணைக் கொடுத்துக் கேட்டால் சரியான வகை எது என்று பார்ட்ஸ் கடையில் சொல்லிவிடுவார்கள். அதாவது உங்கள் என்ஜின் கம்பெனியிலிருந்து வரும்போதே பெட்டியின் குறியீட்டு அளவைத் தொட்டுக்கொண்டுதான் வருகிறது. இன்னொரு விஷயமும் கவனிக்க வேண்டும். 650 நியூட்டன் மீட்டர் தரும் எம்3 காம்பெடிஷனுக்கு பிஎம்டபிள்யூ இதே பெட்டியை வைக்கவில்லை, 8எச்பி76-ஐ வைத்தது. 50-இலிருந்து 76-க்குப் போனால் எடை கூடும், விலை கூடும். தேவையில்லாமல் எந்தக் கம்பெனியும் அந்தச் செலவை ஏற்காது.

அதற்காக 501-ஆவது நியூட்டன் மீட்டரில் பெட்டி உடைந்துவிடும் என்று அர்த்தமில்லை. அந்த எண் ஒரு உத்தரவாதக் கணக்கு. பல நாட்டு வெயில், பல மாதிரி ஓட்டுநர்கள், பின்னால் டிரெய்லர் இழுப்பவர்கள் எல்லாரையும் மனதில் வைத்துப் போட்டது. நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது, என்ஜினுக்கும் பெட்டிக்கும் நடுவில் எண்ணெய் வழியாகச் சக்தியைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரே என்ஜின் டார்க்கைக் கிட்டத்தட்ட இரண்டு மடங்காக்கி உள்ளே அனுப்பும். பெட்டி அதையும் தாங்கிக்கொண்டுதான் இருக்கிறது. ஆக இரும்பு அவ்வளவு எளிதில் உடையாது. ட்யூன் செய்த வண்டிகளின் பெட்டியைத் திறந்தால் கியர் பல் உடைந்திருப்பது அபூர்வம். கருகிய கிளட்ச் பிளேட்டுகளும், கறுத்துப்போன எண்ணெயும், கன்வெர்ட்டருக்குள் இருக்கும் தேய்ந்த லாக்-அப் பிளேட்டும்தான் அதிகம் கண்ணில் படும். எனவே பேச வேண்டியது பிளேட்டைப் பற்றி.

கிணற்றில் வாளிக் கயிற்றை இறுகப் பிடித்திருக்கிற வரை உள்ளங்கைக்கு ஒன்றும் ஆகாது, எவ்வளவு கனமானாலும் சரி. பிடி தளர்ந்து கயிறு வழுக்க ஆரம்பித்தால்தான் தோல் உரியும். கிளட்ச் பிளேட்டும் அப்படியே. முழுதாகப் பிடித்திருக்கும்போது அதில் தேய்மானம் கிடையாது. வழுக்குகிற அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் தேய்கிறது, சூடாகிறது. கியர் மாறும் ஒவ்வொரு முறையும் ஒரு நொடியில் ஒரு சிறு பகுதி நேரம் வழுக்கியே ஆக வேண்டும், அது டிசைனிலேயே உள்ளது. ட்யூனிங் அந்த நேரத்தை நீட்டுகிறதா, இல்லையா? ஆயுள் தீர்மானமாவது அங்கேதான்.

இதை ஒரு கணக்காகப் பார்க்கலாம். எண்கள் புரிவதற்காக நான் எடுத்துக்கொண்டவை, உங்கள் பெட்டியின் அளவுகள் அல்ல. மூன்றிலிருந்து நாலாம் கியருக்கு மாறும்போது, கொடுக்கப்பட்டிருக்கும் எண்ணெய் அழுத்தத்தில் கிளட்ச்சால் 650 நியூட்டன் மீட்டர் பிடிக்க முடியும் என்று வையுங்கள். என்ஜின் 500 தருகிறது. மிச்சம் 150. என்ஜினின் வேகத்தை இழுத்து நாலாம் கியருக்குரிய வேகத்துக்குக் கொண்டுவருவது அந்த 150-தான். இப்போது என்ஜின் 600 தருகிறது, அழுத்தம் மாறவில்லை. மிச்சம் வெறும் 50. மூன்றில் ஒரு பங்கு ஆகிவிட்டது. அதனால் வழுக்கும் நேரம் மூன்று மடங்காகும், பிளேட்டில் சேரும் சூடும் மூன்று மடங்காகும். டார்க் கூடியது 20 சதவீதம்தான், சூடு கூடியது 200 சதவீதம். “20 சதவீதம்தானே ஏற்றுகிறோம், கம்பெனி அவ்வளவு மார்ஜின் வைத்திருப்பான்” என்று சொல்வதில் இருக்கிற ஓட்டை இதுதான். பெட்டி சாப்பிடுவது அந்த மார்ஜினைத்தான்.

நிஜத்தில் இவ்வளவு மோசமாக நடக்காமல் இருப்பதற்குக் காரணம், பெட்டிக்கு ஒரு மூளை இருப்பதுதான். எண்ணெய்த் தொட்டிக்குள்ளேயே மூழ்கிக் கிடக்கும் மெக்கட்ரானிக் யூனிட் (பெட்டியின் கம்ப்யூட்டரும் வால்வுகளும் சேர்ந்தது) ஒவ்வொரு நொடியும் என்ஜின் கம்ப்யூட்டரிடம் ‘இப்போது எவ்வளவு டார்க் தருகிறாய்?’ என்று கேட்டுக்கொண்டே இருக்கும். வருகிற பதிலுக்கு ஏற்ப சோலினாய்டு என்கிற மின் வால்வு வழியாகக் கிளட்ச் அழுத்தத்தை ஏற்றும். கியர் மாறும் நேரத்தில் ‘கொஞ்சம் குறை’ என்று கேட்கும், என்ஜின் இக்னிஷனை, அதாவது பொறி விழும் நேரத்தை, பின்னுக்குத் தள்ளிக் குறைத்துக்கொடுக்கும். இந்தப் பேச்சு ஒழுங்காக நடக்கும் வரை 600-ஐயும் பெட்டி பெருமளவு சமாளித்துக்கொள்ளும், அழுத்தத்தில் மேலே போக இடமிருக்கும் வரை. பேச்சில் பொய் கலந்தால்தான் பிரச்சினை.

பொய் கலக்கும் வழி இரண்டு. ஒன்று, ட்யூனிங் பாக்ஸ் என்று விற்கும் சின்ன டப்பா. டர்போ அழுத்த சென்சாருக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் உட்கார்ந்து, உள்ள அழுத்தத்தைவிடக் குறைவாகக் காட்டும். கம்ப்யூட்டர் நம்பி டர்போ அழுத்தத்தை ஏற்றும், டார்க் கூடும். ஆனால் கம்ப்யூட்டரின் கணக்கில் டார்க் பழையபடிதான். அதே தப்புக் கணக்கை கியர்பாக்ஸுக்கும் சொல்லும். 600 வருகிற இடத்தில் கிளட்ச்சுக்கு 500-க்கான எண்ணெய் அழுத்தம்தான் போகும். மேலே போட்ட கணக்கு அப்படியே நடக்கும் இடம் இது. இரண்டாவது வழி, கம்ப்யூட்டரிலேயே மேப் எழுதும்போது நடப்பது. நல்ல ட்யூனர் காற்று, எரிபொருள், டைமிங் மாற்றுவதோடு நிற்காமல், டார்க் கணக்கு அட்டவணைகளையும் உண்மைக்கு ஏற்பத் திருத்துவார். அவசரக்காரர் கணக்கில் வருகிற டார்க் வரம்பைத் தாண்டக் கூடாது என்பதற்காக, கணக்கையே குறைத்துக் காட்டும்படி அட்டவணையை அமுக்கிவிடுவார். வண்டி ஓடும், டைனோவில் (வண்டியின் சக்தியை அளக்கும் மெஷின்) எண்ணும் வரும், ஆனால் கியர்பாக்ஸுக்குப் போகும் தகவல் பொய். இரண்டு மேப்பும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும், ஓட்டும்போதும் முதலில் வித்தியாசம் தெரியாது.

ஆகவே ட்யூனரிடம் குதிரைசக்தி எவ்வளவு என்று கேட்பதை விட்டுவிட்டு இதைக் கேளுங்கள்: “டைனோவில் வரும் டார்க்கும், வண்டியின் கம்ப்யூட்டர் கியர்பாக்ஸுக்குச் சொல்லும் டார்க்கும் ஒன்றாக இருக்கிறதா? ஓடும்போது பதிவான டேட்டா லாக் எடுத்துக் காட்ட முடியுமா?” வேலை தெரிந்தவர் சந்தோஷமாகக் காட்டுவார். “அதெல்லாம் பார்க்கத் தேவையில்லை சார், நிறைய வண்டி போட்டாச்சு” என்று பதில் வந்தால் கிளம்பி வந்துவிடுங்கள். நீங்கள் எழுதியதில் எனக்கு உறுத்திய இடமும் இதுதான். மூன்று பாராவில் 420 என்ற எண் பல முறை வருகிறது, 600 ஒரே ஒரு முறை. பெட்டிக்குக் குதிரைசக்தியைப் பற்றிக் கவலையில்லை. 6,000 ஆர்பிஎம்மில் 420 குதிரைசக்தி என்றால் அங்கே டார்க் 500-க்கும் கீழே, பெட்டி பழகிய அளவு. 2,000 ஆர்பிஎம்மில் 600 நியூட்டன் மீட்டர் என்பதுதான் அதற்குப் புதுசு. கீழ் ஆர்பிஎம்மில் டார்க்கை 520, 530 என்று அடக்கி வைத்துவிட்டு, மேல் ஆர்பிஎம்மில் மட்டும் சக்தியைக் கூட்டுகிற மேப்பைக் கேட்டு வாங்கலாம். முதுகைப் பின்னால் தள்ளுகிற அந்த உதை குறையும், நூறைத் தாண்டியபின் ஓட்டம் கிட்டத்தட்ட அதேதான். கியர்பாக்ஸின் பக்கம் நின்று பார்த்தால் இரண்டும் வேறு வேறு வண்டிகள்.

அடுத்தது லாக்-அப் கிளட்ச். டார்க் கன்வெர்ட்டருக்குள் இருப்பது. வண்டி கிளம்பிய கொஞ்ச நேரத்தில் பூட்டிக்கொண்டு, என்ஜினையும் பெட்டியையும் நேராக இணைத்துவிடும். சத்தமும் அதிர்வும் உள்ளே வராமல் இருக்க, குறைந்த ஆர்பிஎம்மில் இதைக் கொஞ்சம் வழுக்க விட்டே வைத்திருப்பார்கள். எட்டாம் கியரில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போது பெடலைப் பாதி அழுத்தினால், கியர் இறங்காமலே டர்போ முழு டார்க்கையும் கொட்டும். ட்யூன் செய்த வண்டியில் லாக்-அப் பிளேட் அதிகம் படுகிற பாடு இந்த இடத்தில்தான், ரேஸ் ஓட்டும்போது அல்ல. இலேசாகப் பெடலை வைத்து 60, 70-இல் போகும்போது, சாலையில் வரிசையாகக் கோடு போட்டிருப்பதுபோல ஒரு நடுக்கம் வந்தால் அது டயர் பேலன்ஸ் என்று விட்டுவிடாதீர்கள், முதலில் லாக்-அப்பைச் சந்தேகப்படுங்கள். தடுப்பதற்கு வழி சுலபம். ஓவர்டேக் பண்ணுவதற்கு முன் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருக்கும் கியர் பேடிலைத் தட்டி இரண்டு மூன்று கியர் இறக்கிவிட்டு அப்புறம் அழுத்துங்கள். அதே வேகம் கிடைக்கும், பெட்டிக்குப் போகும் டார்க் குறையும்.

நம் பக்கத்துச் சாலைக்கு இது ரொம்பப் பொருந்தும். காரைக்குடியிலிருந்து திருமயம், புதுக்கோட்டை வழியாகத் திருச்சி போகிற பாதையை நினைத்துப் பாருங்கள். நீளமாக 200-இல் விரட்டுகிற சாலை கிடையாது. டிராக்டர், மினி பஸ், டவுன் பஸ், ஊருக்கு ஊர் வேகத்தடை. 50-இலிருந்து 110-க்கு ஒரு விரட்டு, உடனே பிரேக், திரும்பவும் அதே. முழு டார்க்கில் கியர் மாறுவது ஒரே சீராக ஓடும் நெடுஞ்சாலையைவிட இங்கே அதிகம். அப்புறம் வெயில். மே மாதம் 40 டிகிரியில், பிள்ளையார்பட்டி, குன்றக்குடி பக்கம் விசேஷ நாள் கூட்டத்தில் ஏசியைப் போட்டுக்கொண்டு ஊர்ந்தால், லாக்-அப் திறந்தே இருக்கும், கன்வெர்ட்டர் எண்ணெயைக் கலக்கிச் சூடேற்றிக்கொண்டே இருக்கும், ரேடியேட்டருக்குக் காற்றும் கிடைக்காது. அதில் ட்யூனிங்கின் பங்கு எதுவும் இல்லை, ஏனென்றால் அந்த நேரத்தில் நீங்கள் 600-இல் பத்தில் ஒரு பங்கைக்கூடக் கேட்கவில்லை. ஆனால் அப்படிச் சூடேறி நிற்கிற எண்ணெயோடு நெரிசலிலிருந்து வெளியே வந்த உடனே ஒரு முழு விரட்டு விரட்டினால் இரண்டும் சேர்ந்துகொள்ளும். ஐந்து பத்து நிமிடம் சாதாரணமாக ஓட்டி எண்ணெயைக் குளிர விடுங்கள்.

எண்ணெயைப் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் பதிலில் எனக்கு நூற்றுக்கு நூறு நிச்சயமான பகுதி அது. பிஎம்டபிள்யூவின் கணக்குப்படி இந்தப் பெட்டிக்கு ஊற்றியது ஆயுளுக்கும் போதும். பெட்டியைச் செய்த இசட்எஃப் அப்படிச் சொல்லவில்லை. ஓட்டும் விதத்தைப் பொறுத்து 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது 8 வருடத்துக்குள் மாற்றச் சொல்கிறது. செய்தவன் சொல்வதைக் கேட்பதுதான் முறை. அந்தக் கணக்கும் ட்யூன் செய்யாத வண்டிக்கு. ஆட்டோமேட்டிக் எண்ணெய் 80 முதல் 100 டிகிரிக்குள் நிம்மதியாக வேலை செய்யும். அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் அதன் ஆயுள் பாதியாகும் என்பது இந்தத் துறையில் எல்லாரும் வைத்திருக்கிற தோராய விதி. துல்லியமான சட்டம் இல்லை, ஆனால் திசை சரி. எண்ணெய் கெட்டால் பிளேட்டின் பிடி மாறும், எண்ணெயைப் பிரித்து அனுப்பும் வால்வ் பாடியில் பிசின் படியும், ரப்பர் சீல்கள் இறுகும், அழுத்தம் கசியும். அழுத்தம் கசிந்தால் வழுக்கல் கூடும், வழுக்கல் கூடினால் சூடு கூடும். இந்தச் சுழலுக்குள் போன பெட்டியை எண்ணெய் மாற்றிக் காப்பாற்ற முடியாது. போவதற்கு முன் மாற்றினால் முடியும். ட்யூன் செய்த வண்டியில் 40,000, 50,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றச் சொல்லி என் வாடிக்கையாளர்களிடம் வற்புறுத்துவேன். அந்த எண் என் அனுபவத் தீர்ப்பு, கம்பெனி சொன்னதல்ல.

செட்டிநாட்டுக்கே உரிய இன்னொரு விஷயம் உண்டு, உங்களுக்கு முன் இந்த வண்டியை வைத்திருந்தவர் அந்த வகையா என்று விசாரியுங்கள். சிங்கப்பூரிலோ சென்னையிலோ தொழில், கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ பூர்வீக வீடு. வண்டி வருடத்தில் பத்து மாதம் ஷெட்டில் தூங்கும், கல்யாணம் காட்சிக்கு மட்டும் வெளியே வரும். ஓடிய கிலோமீட்டர் குறைவாகத்தான் காட்டும், ஆனால் எண்ணெய்க்கு வயது கிலோமீட்டரில் மட்டும் ஏறுவதில்லை. மாதக்கணக்கில் நின்ற வண்டியில் கிளட்ச்சுகளிலும் கன்வெர்ட்டரிலும் இருந்த எண்ணெய் கீழே வடிந்திருக்கும். பேட்டரி இறங்கிப்போய் குறைந்த வோல்ட்டேஜில் ஸ்டார்ட் பண்ணினால் மெக்கட்ரானிக் தேவையில்லாத பிழைக் குறியீடுகளைப் பதிந்து வைக்கும். அப்படி நின்ற வண்டியை எடுத்த அன்றைக்கே மேப் போட்டு விரட்டுவதைப் போல ஒரு தப்பு இல்லை.

பின் டயரைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை, ஆனால் அது பெட்டிக்குப் பெரிய காவல். முதல் கியரில் உங்கள் பெட்டி டார்க்கை ஏறக்குறைய ஐந்து மடங்காக்கும். அதற்கு மேல், பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலின் பெருக்கம். அவ்வளவையும் ரோட்டில் இறக்கப் பின் டயரால் முடியாது, வழுக்கும். உடனே டிராக்ஷன் கன்ட்ரோல் என்ஜினை அடக்கும். ஆகவே முதல் இரண்டு கியரில் ட்யூனிங்கின் கூடுதல் டார்க்கில் பெரும்பகுதி பெட்டிக்குள் அழுத்தமாக மாறுவதே இல்லை. கூடுதல் பாரம் விழுவது மூன்று முதல் ஆறு வரையிலான கியர்களில்தான். ட்யூனிங்கோடு சேர்த்து அகலமான, பிடி அதிகமான டயரையும் போட்டுவிட்டீர்கள் என்றால் அந்தக் காவலை நீங்களே எடுத்துவிடுகிறீர்கள்.

லாஞ்ச் கன்ட்ரோல் விஷயத்தில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. பிரேக்கை மிதித்தபடி என்ஜினை உறுமவிட்டுக் கிளம்புவது. அந்த நொடிகளில் என்ஜினின் சக்தி முழுக்கக் கன்வெர்ட்டர் எண்ணெயில் சூடாக இறங்குகிறது, வண்டி நகரவே இல்லை. தேய்மானம் சீக்கிரம் வரும் என்று பிஎம்டபிள்யூ தன் கையேட்டிலேயே எச்சரிக்கிறது. 2007 இறுதியில் ஜப்பானில் வந்த நிஸ்ஸான் ஜிடி-ஆர் இதற்குப் பழைய உதாரணம். ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலை அணைத்துவிட்டு லாஞ்ச் செய்த ஆரம்பகால உரிமையாளர்கள் சிலருக்குப் பெட்டி போனது, வாரண்டி தகராறு அமெரிக்காவில் பெரிதாகப் பேசப்பட்டது, பிறகு நிஸ்ஸான் அந்த மென்பொருளையே சாந்தமாக்கியது. அது இரட்டை கிளட்ச் பெட்டி, உங்களுடையதைப் போல டார்க் கன்வெர்ட்டர் உள்ளதல்ல. ஆனாலும் அந்த வண்டிகள் போனதற்கு ட்யூனிங்கே தேவைப்படவில்லை, கிளம்பிய விதமே போதுமானதாக இருந்தது என்பதைக் கவனியுங்கள். ட்யூன் செய்துவிட்டு நிதானமாக ஓட்டுகிறவரின் பெட்டி, ட்யூன் செய்யாமல் நண்பர்கள் வந்தபோதெல்லாம் லாஞ்ச் காட்டுகிறவரின் பெட்டியைவிட அதிக நாள் வாழும் என்று தயங்காமல் சொல்வேன்.

இனி எனக்குச் சந்தேகமுள்ள இடங்கள். பேரிங்குகளின் ஆயுள் பாரத்தின் மூன்றாம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் குறையும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. 20 சதவீதம் பாரம் கூடினால் ஆயுள் ஏறக்குறைய 58 சதவீதம் ஆகும். ஆனால் இது வண்டி பிறந்ததிலிருந்து முழு டார்க்கிலேயே ஓடினால். நிஜத்தில் முழு டார்க் மொத்த ஓட்டத்தில் மிகச் சிறிய பங்கு. அதனால் இந்தக் கணக்கை வைத்துப் பயப்படவும் மாட்டேன், அலட்சியமாகத் தள்ளவும் மாட்டேன். கியர்பாக்ஸ் மென்பொருளையும் சேர்த்து மாற்றுவது நல்லதா என்பதும் அப்படித்தான். அழுத்தத்தை ஏற்றினால் வழுக்கல் குறையும், பிளேட்டுக்கு நல்லது. அதே மென்பொருளில் கியர் மாறும் வேகத்தையும் துப்பாக்கி வெடிப்பதுபோல ஆக்கிவிட்டால், அந்த உதை ஷாஃப்டுக்கும் டிஃபரன்ஷியலுக்கும் போகும். மிதமாக எழுதினால் நான் ஆதரவு, விளம்பரத்துக்காக எழுதினால் எதிர்ப்பு. பெட்ரோல் பற்றியும் ஒரு வார்த்தை. வெளிநாட்டில் எழுதப்படும் மேப்புகள் பெரும்பாலும் 98 ஆக்டேனை நம்பி எழுதப்பட்டவை. நம் ஊர் பங்க்கில் சாதாரணமாகக் கிடைப்பது அது இல்லை. நாக், அதாவது பெட்ரோல் நேரம் தவறி வெடிப்பது, வந்தால் என்ஜின் தானே டைமிங்கைப் பின்வாங்கும், டார்க் ஏறி இறங்கும். இது என்ஜினுக்குக் கெடுதல் என்பது நிச்சயம், பெட்டியை எவ்வளவு பாதிக்கும் என்பது வாதத்துக்குரியது.

இதே கேள்வியை ஸ்கோடா, வோக்ஸ்வேகன் டிஎஸ்ஜி (இரட்டை கிளட்ச் பெட்டி) வைத்திருப்பவர்களும் என்னிடம் கேட்கிறார்கள். அவர்களுக்குப் பதில் வேறு. ஆறு கியர் ஈரக் கிளட்ச் பெட்டி 350 நியூட்டன் மீட்டருக்கானது, எண்ணெயை 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றினால் அதற்கு மேல் கொஞ்சம் தாங்கும். ஏழு கியர் உலர் கிளட்ச் பெட்டியின் வரம்பு 250. அதில் கிளட்ச்சைக் குளிர்விக்க எண்ணெயே கிடையாது. அதை வைத்துக்கொண்டு டார்க் ஏற்றுவதை நான் யாருக்கும் பரிந்துரைத்ததில்லை, நம் வெயிலில் நிச்சயமாக இல்லை.

வாரண்டி, இன்சூரன்ஸ் பற்றியும் கேட்டிருந்தீர்கள். வாரண்டி மிச்சமிருந்தால் மேப் போட்ட அன்றோடு என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் அது முடிந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். பழைய மேப்பைத் திரும்ப ஏற்றினாலும் தடயம் கம்ப்யூட்டரில் தெரிந்துவிடக்கூடும். இன்சூரன்ஸ்காரரிடம் மாற்றத்தை எழுத்தில் தெரிவித்துவிடுவதே பாதுகாப்பு. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு வண்டியின் மூல அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. உங்கள் மாற்றம் அதற்குள் வருமா என்று வக்கீலிடம்தான் கேட்க வேண்டும், மெக்கானிக்கிடம் அல்ல.

சரி, உங்கள் இடத்தில் நான் இருந்தால் என்ன செய்வேன்? மேப்புக்கு முன்பணம் கொடுக்க மாட்டேன். முதலில் வண்டியை ஸ்கேனரில் மாட்டி ஏ, பி, சி, டி, இ ஐந்து உறுப்புகளின் அடாப்டேஷன் அளவுகளைப் பார்ப்பேன். பிளேட் தேயத் தேயப் பெட்டி தானே அழுத்தத்தையும், கிளட்ச்சில் எண்ணெய் நிரப்பும் நேரத்தையும் திருத்திக்கொண்டு போகும், அந்தத் திருத்தம்தான் இந்த அளவுகள். ஐந்தில் ஒன்று மட்டும் மற்றவற்றிலிருந்து வெகுதூரம் விலகியிருந்தால் ட்யூனிங் பேச்சையே எடுக்க மாட்டேன். எல்லாம் ஒழுங்காக இருந்தால் எண்ணெயை மாற்றுவேன். இந்தப் பெட்டியில் ஃபில்டர் பிளாஸ்டிக் தொட்டியோடு சேர்ந்தே வருகிறது, தொட்டியையே மாற்ற வேண்டும். எண்ணெய் சரியான வகையாக இருக்க வேண்டும். அளவு பார்ப்பது என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது, எண்ணெய் கம்பெனி சொன்ன வெப்பநிலையில் இருக்கையில். குத்துமதிப்பாக ஊற்றுகிற இடத்தில் கொடுக்காதீர்கள், அரை லிட்டர் குறைந்தாலே போதும் பெட்டியைக் கெடுக்க. வடித்த எண்ணெயைக் கண்ணால் பாருங்கள், முகர்ந்தும் பாருங்கள். கொஞ்சம் கறுத்திருப்பது இயல்பு, தொட்டியின் காந்தத்தில் மாவுபோல இரும்புத்தூள் இருப்பதும் இயல்பு. கருகிய வாசனை இருந்தாலோ, விரலில் நெருடுகிற துகள் இருந்தாலோ, அந்தப் பெட்டி ஏற்கனவே ஒருவர் கையில் பாடுபட்டிருக்கிறது. உங்களுக்கு முன்பே யாராவது மேப் போட்டு எடுத்த வண்டியாகவும் இருக்கலாம்.

புது எண்ணெயோடு அடாப்டேஷனைச் சுத்தம் செய்து, ஒன்றிரண்டு மாதம் கம்பெனி மேப்பிலேயே எல்லா கியரிலும் பதமாக ஓட்டி, திரும்ப ஒருமுறை அளவுகளை எடுத்துப் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள். மேப் போடுவதானால் அதற்குப் பிறகு போடுங்கள், கீழ் ஆர்பிஎம்மில் டார்க்கை அடக்கியது, ட்யூனிங் பாக்ஸ் கூடாது. போட்டு 5,000 கிலோமீட்டர் ஆனதும் அதே அளவுகளை மறுபடி எடுத்து ஒப்பிடுங்கள். ஏதாவது ஒரு கிளட்ச்சின் எண் வேகமாக நகர்ந்திருந்தால் பழைய மேப்பை ஏற்றிவிடுங்கள், அந்த நிலையில் இன்னும் பெரிய செலவு ஆகியிருக்காது. நகராமல் இருந்தால் தைரியமாக ஓட்டுங்கள், அடுத்து 10,000-இல் பாருங்கள். ஸ்கேன் எடுத்த பிறகு அந்த ஐந்து எண்களையும், வடித்த எண்ணெயின் படத்தையும் இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.